படிக்கப் போன பிள்ளையும் ஊர் சுற்றலும்

வெளிநாட்டிலே படிக்கும் பிள்ளை ஒருவன், பருவ விடுமுறையில் தோழர் மூவரோடு சேர்ந்து, பிராக் நகரத்துப் பழம்பாலத்தின் மீதோ பாரிஸ் மாநகரத்துக் கோபுரத்தின் அடியிலோ நின்று எடுத்துக்கொண்ட படம் வாட்ஸ்அப்பில் வந்து இறங்கிய அன்று பொழுது சாய்வதற்குள், கடம்பூர்க் கடைத்தெருவிலே அவனைப் பற்றிய தீர்ப்பு எழுதி முடிந்துவிடுகிறது. "படிக்கப் போனானா, ஊரு சுத்தப் போனானா?" என்பதே அத்தீர்ப்பின் வாசகம். விசாரணை இல்லை, சாட்சி இல்லை, மேல்முறையீடும் இல்லை. கடன் வாங்கிப் படிக்கிறவனுக்கு விநோதப் பிரயாணம் என்ன கேடு என்று தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்திருக்கும் பெரியவர் கேட்கிறார். அதையே சற்றுத் திருத்தமான சொற்களில் ஓய்வுபெற்ற ஆசிரியரும், கலியாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரராக அமர்ந்த உறவினரும் கேட்கிறார்கள். கோவில்பட்டி, கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம் என்று கரிசற்சீமை நெடுகிலும் இதற்கு மாறான பேச்சே இல்லை என்னும்படி இவ்வபிப்பிராயம் வேரூன்றியிருக்கிறது. இது பிழையென்பதும், சிக்கனமாகத் தோழரோடு கூடிச் செய்யும் அந்தப் பிரயாணமே அவனுடைய அயல்நாட்டுக் கல்வியில் அவன் தானே எசமானனாகவும் தானே கணக்கனாகவும் இருந்து நடத்தும் பகுதியாகையால், குறைக்கப்பட வேண்டியவற்றுள் அது கடைசியாக நிற்க வேண்டும் என்பதும் என் கட்சி.

இதைச் சொல்லத் துணியுமுன், அந்தத் தீர்ப்பை எழுதுகிறவர்கள் எந்த மண்ணிலிருந்து பேசுகிறார்கள் என்பதை நான் மறந்துவிடவில்லை. ஆவணி புரட்டாசியில் விதையைப் போட்டுவிட்டு, ஐப்பசி மழைக்காக வானத்தையே அண்ணாந்து பார்த்திருக்கும் மானாவாரிப் பூமி இது. உளுந்தும் பாசியும் பருத்தியும் மக்காச்சோளமும் மழை தப்பினால் வீடு வந்து சேராது. வந்து சேர்ந்தாலும் விலை சேராத ஆண்டுகள் பல. கல்விக்கடன் ஏழரை லட்ச ரூபாயைத் தாண்டினால் சொத்தை ஈடாகக் காட்டச் சொல்லுவது வங்கிகளின் பொது வழக்கமாகையால், பிள்ளையை ஜெர்மனிக்கோ அயர்லாந்துக்கோ அனுப்பிய தகப்பனார் ஒருவர், தம் பாட்டனார் வைத்துப்போன நிலத்தின் பத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டே அன்றிரவு தூங்கியிருப்பார், அல்லது தூங்காதிருந்திருப்பார். அவருக்கு அந்தப் படத்தைக் கண்டதும் வயிறு எரிவது இயற்கை. அதை அறியாமை என்று பரிகசிப்பவன் இந்த மண்ணின் வரவு செலவு தெரியாதவன். ஆயினும் ஒருவர் படும் துயரம் நியாயமானது என்பதனாலேயே அவர் சொல்லும் வாதமும் நியாயமாகிவிடாது.

துயரத்துக்கு இன்னும் ஆழமான வேர் ஒன்று உண்டென்று எனக்குத் தோன்றுகிறது. இப்போது ஐம்பது வயதைக் கடந்து நிற்கும் தலைமுறையாருள் எத்தனையோ பேருக்குப் பள்ளி விடுமுறை என்றால் தீப்பெட்டி ஆபீஸ் என்றே பொருள். பள்ளிக்கூடம் மூடிய மறுநாள் விடியுமுன் வண்டி வந்து நிற்கும். கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சிறுபிள்ளைகள் அதில் ஏறிப் போவார்கள். 1986-ஆம் ஆண்டுச் சட்டமும், சிவகாசித் தொழில் பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், அவற்றுக்குப் பின் வந்த கண்காணிப்பும் சேர்ந்து அந்த வழக்கத்தை ஒடுக்கின. ஆனால் சட்டம் ஒடுக்கியது வழக்கத்தையே. விடுமுறை நாள் என்றால் கூலி நாள் என்னும் மனக்கணக்கு, ஒடுங்காமல், மகனுடைய விடுமுறையின் மேலும் சென்று உட்கார்ந்துகொண்டது. "சும்மா கெடக்குற நாளுதானே, நாலு காசு சம்பாதிக்கலாம்ல" என்று தொலைபேசியிலே தந்தை சொல்லும்போது, அவருடைய பத்து வயதுப் பருவமே அவர் வாயிலிருந்து பேசுகிறது. தாம் பட்டதைப் பிள்ளை படக்கூடாது என்றுதானே கடல் கடந்து அனுப்பினார்!

இனி வாதத்துக்கு வருவோம். எதிர்க்கட்சியாரின் முதற்பிழை, தாங்கள் அறிந்த ஒன்றன் பெயரை, அறியாத வேறொன்றுக்கு இட்டு அழைப்பது. பிரயாணம் என்றதும் அவர்கள் மனக்கண்ணில் தோன்றுவது வாடகைக்குப் பிடித்த வேனும், குளிரூட்டிய லாட்ஜ் அறையும், வேளைக்கு வேளை ஹோட்டல் சாப்பாடும், திரும்பும்போது பை நிறையச் சாமான்களுமான குற்றாலத்து உல்லாசமோ கொடைக்கானலோதான். மாணவன் செல்லும் வழி வேறு. ஜெர்மனி செல்பவனை எடுத்துக்கொள்வோம். 2024 செப்டம்பர் முதல், படிப்பு விசாவுக்கு விண்ணப்பிக்கும் மாணவன், தன் செலவுக்கு வேறு வழி காட்டாவிட்டால், ஓராண்டுச் செலவென்று 11,904 யூரோவை முன்கூட்டியே வங்கியில் கட்டிக் காட்ட வேண்டியிருக்கிறது. அவர்கள் 'பிளாக்டு அக்கவுண்ட்' என்று சொல்லும் அந்தக் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோவுக்குமேல் ஒரு காசும் வெளியே வராது. அறை வாடகை, மருத்துவக் காப்பீடு, அரிசி பருப்பு, குளிர்கால உடை ஆகிய யாவும் அந்த 992-க்குள் அடங்க வேண்டும். தகப்பனார் கட்டிய பணத்தை மகன் நினைத்தபடி வாரி இறைப்பதற்கு அங்கே வழியே அடைத்துக் கிடக்கிறது. அப்படியிருந்தும் பிரயாணத்துக்கு ஏதோ மிஞ்சுகிறதென்றால், வெளியில் ஒருவேளையும் சாப்பிடாமல், பொதுச் சமையலறையில் சோறாக்கி, பழைய மிதிவண்டியில் கல்லூரிக்குப் போய், ஒவ்வொரு மாதமும் அவன் சுருட்டி வைத்தது அது.

அந்தச் சில்லறையை அவன் செலவிடும் விதத்தையும் பார்க்க வேண்டும். நாள் நெருங்க நெருங்கக் கட்டணம் ஏறுமென்று தெரிந்து பல வாரங்களுக்கு முன்பே ஃபிளிக்ஸ்பஸ் என்னும் தொலைதூரப் பேருந்தில் இரவு வண்டிக்கு இடம் பிடிக்கிறான். இரவு வண்டியென்றால் ஒரு நாள் அறை வாடகை மிச்சம். ஜெர்மனிக்குள்ளேயே சுற்றுவதானால், 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கிப் பின்பு விலை கூட்டப்பட்ட மாதச் சீட்டு ஒன்றைக் கொண்டு, விரைவு வண்டிகளை விட்டுவிட்டு, நம்மூர்ப் பாசஞ்சரைப் போல் நின்று நின்று போகும் வண்டிகளிலே மூன்று நான்கு இடங்களில் மாறி மாறிப் போகிறான். ஜெர்மானிய வசிப்பு அனுமதி கையிலிருப்பதால், 180 நாட்களுள் 90 நாட்கள் வரை ஷெங்கன் ஒப்பந்தத்தில் சேர்ந்த மற்ற ஐரோப்பியத் தேசங்களுக்குச் செல்லத் தனி விசாவும் வேண்டியதில்லை. எட்டுப் பேர் படுக்கும் ஹாஸ்டல் அறையில் மேல்கட்டிலில் ஒரு படுக்கை, பையில் அம்மா அனுப்பிய பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும், குழாயில் பிடித்த தண்ணீர், மீதியெல்லாம் நடை. ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிக்கும் 26 வயது நிறையாத இளைஞரிடம் பிரான்ஸ் தேசத்தின் தேசிய அருங்காட்சிசாலைகள் நுழைவுக் கட்டணம் வாங்குவதில்லை என்பதை, அந்த அருங்காட்சிசாலைகளைப் பற்றி வேறொன்றும் தெரியாதவன்கூடத் தெரிந்து வைத்திருக்கிறான். இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால், விடுமுறைக்கு ஊர் வந்து திரும்புவதற்கான விமானச் சீட்டின் விலையில் ஒரு சிறு பங்குதான் வரும். ஊருக்கு வரச்சொல்லி வற்புறுத்தும் உறவினர், அந்தச் சீட்டின் விலையை ஒருபோதும் விரயம் என்று சொல்லக் காணோம்.

காந்தியடிகளை இந்த வழக்குக்குள் இழுத்தவன் நான் அல்லன். சிக்கனத்துக்கு உதாரணமாக, லண்டனில் பாரிஸ்டர் படிப்புக்கென்று 1888 முதல் 1891 வரை தங்கியிருந்த அந்த இளைஞரை எதிர்க்கட்சியாரே மேடைதோறும் அழைத்து வருகிறார்கள்: காசுக்குக் காசு கணக்கெழுதி வைத்தாராம், வண்டிச் செலவு மிஞ்சட்டுமென்று மைல் கணக்காக நடந்தாராம், அறையைச் சுருக்கித் தாமே சமைத்தாராம். யாவும் உண்மையே; அவர் தம் சுயசரிதத்தில் சொல்லியிருப்பவையே. ஆனால் அதே சுயசரிதத்தின் இன்னொரு அத்தியாயத்தை இவர்கள் எப்படியோ புரட்டிக் கடந்துவிடுகிறார்கள். ஐபெல் கோபுரம் எதற்காக எழுப்பப்பட்டதோ அந்தப் பெருங்கண்காட்சியைப் பார்ப்பதற்காக அம்மாணவர் பாரிசுக்குப் போனார். மரக்கறி உணவகம் ஒன்றிலே அறை எடுத்து ஏழு நாள் தங்கினார். போக்குவரத்தையும் ஊர் பார்ப்பதையும் செட்டாக நடத்தினார். கையில் நகரப் படத்தை வைத்துக்கொண்டு பெரும்பாலும் கால்நடையாகவே சுற்றினார். கோபுரத்தில் இரண்டு மூன்று முறை ஏறினார். அத்தனை உயரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொள்ளும் திருப்தி ஒன்றுக்காகவே, முதல் தளத்து உணவுவிடுதியில் ஏழு ஷில்லிங்கை வீணாக்கியதையும் அவர் மறைக்கவில்லை. எனக்கு அந்த ஏழு ஷில்லிங்கின் மேல் மிகுந்த பிரியம். இன்றைய மாணவன் அதே கோபுரத்தடியில் எடுத்து அனுப்பும் படத்திலுள்ள பகட்டு எவ்வளவோ, அவ்வளவே அந்தச் சாப்பாட்டில் இருந்த பகட்டும். இரண்டுக்கும் கோபித்துக்கொள்ளலாம், அல்லது இரண்டையும் மன்னிக்கலாம். ஒன்றை மேடையில் மறைத்துவிட்டு மற்றொன்றைக் கடைத்தெருவில் தண்டிப்பது நேர்மை ஆகாது. ஊரிலே கடனும், சாதிக் கட்டுப்பாடும், தமையனார் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்திருக்கும் நிலையும் அவருக்கும் இருந்தன என்பதை நினைவூட்டிவிட்டு இதை இத்துடன் விடுகிறேன்.

மாணவர் படுத்துறங்கும் ஹாஸ்டல் என்னும் ஏற்பாடே, பணக்காரரின் பொழுதுபோக்கிலிருந்து தோன்றியதாக எண்ணுகிறவர்களுக்கு அதன் பூர்வ கதை தெரியாது. ஜெர்மனியிலே ரிச்சர்டு ஷிர்மான் என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். நிலக்கரிச் சுரங்க வட்டாரத்துப் பிள்ளைகளுக்கும் ஆலைத் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் பாடம் சொன்னவர். புகையும் செங்கற்சுவருமே கண்டு வளர்ந்த அவர்களை வெளியே நடத்திக் கூட்டிச் செல்வதே பாடங்களுள் சிறந்த பாடம் என்று நம்பியவர். 1909 ஆகஸ்டில் மாணவர் கூட்டத்தோடு பல நாள் நடைபோகையில் ஒரு நாள் இடியும் மழையும் பிடித்துக்கொள்ள, விடுமுறைக்காக அடைத்துக் கிடந்த கிராமத்துப் பள்ளி ஒன்றில் வைக்கோலைப் பரப்பிக்கொண்டு ஒதுங்கினார்கள். பிள்ளைகள் உறங்க, அவர் உறங்கவில்லை. தேசமெங்கும் விடுமுறைக் காலத்திலே காலியாகக் கிடக்கும் வகுப்பறைகளை, நடந்து வரும் பிள்ளைகளுக்கு ஒரு நாள் நடைத் தூரத்துக்கு ஒன்றாகத் திறந்துவிட்டால் என்ன என்ற யோசனை அந்த இரவில் அவருக்கு உதித்தது. சில ஆண்டுகளுக்குள் ஆல்டெனா என்னும் ஊரின் பழங்கோட்டையில் முதல் நிலையான இளைஞர் விடுதி அமைந்தது. இன்று பூமியெங்கும் காணும் இளைஞர் விடுதிகளுக்கு மூலம் அதுதான். ஏழைப் பிள்ளையின் காலுக்கும் காசுக்கும் ஏற்பச் செய்த ஏற்பாட்டிலே, கடன் வாங்கிப் படிக்கும் கடம்பூர்ப் பிள்ளை ஒரு கட்டிலில் படுத்துவிட்டால் அவன் தன் நிலையை மீறிவிட்டான் என்பது வேடிக்கையான குற்றச்சாட்டு.

ஷிர்மானுக்கு முன்பே நாம் இதை அறியாதவர்களா? ராணி மங்கம்மாளின் பெயர் தென்னாட்டில் இன்னும் நிற்பது அவள் வென்ற போர்களால் அன்று; போட்ட சாலைகளாலும் கட்டிய சத்திரங்களாலும் நிற்கிறது. ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கும், தைப்பூசத்துக்குத் திருச்செந்தூருக்கும், நம் வீட்டு ஆணும் பெண்ணும் கூட்டங்கூட்டமாக நடந்துதான் போகிறார்கள். கட்டுச்சோறு, சத்திரத் திண்ணை, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்ட பொதுப்பணம், கால் கொப்புளித்தவனுக்காக மற்றவர் காத்திருப்பது ஆகிய இத்தனையும் அங்கே உண்டு. அதைப் புண்ணியம் என்கிறோம். வேலை நாள் கெட்டதென்று எவரும் வாய் திறப்பதில்லை. பக்தி வேறு, உல்லாசம் வேறு என்று பதில் வரும். வரட்டும், நான் பயனை ஒப்பிடவில்லை, செய்முறையை ஒப்பிடுகிறேன். விரயம் என்ற குற்றச்சாட்டு செய்முறையைப் பற்றியது. அந்தச் செய்முறை இரண்டிடத்திலும் ஒன்றே. போகட்டும், இன்னொன்றும் கேட்கலாம். கடம்பூர்ப் போளியை நாலு சீமையும் அறியச் செய்தவர்கள் யார்? நாமா? இரயில் சன்னல் வழியே வாங்கித் தின்றுவிட்டுப் போன வழிப்போக்கர்களே அல்லவா?

எதிர்க்கட்சியாரின் வாதங்களுள் வலுவுள்ளது ஒன்றுதான்: விடுமுறையில் வேலை செய்தால் கடன் குறையுமே என்பது. இதை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஜெர்மானியச் சட்டப்படி அயல்நாட்டு மாணவன் ஆண்டுக்கு 140 முழு நாட்களோ 280 அரை நாட்களோ வேலை செய்யலாம்; கிடங்குகளில் மூட்டை பிரித்தும், உணவகங்களில் பாத்திரம் கழுவியும் அந்த நாட்களைப் பெரும்பாலோர் நிறைவு செய்யவே பார்க்கிறார்கள். ஆனால் படம் வந்தது ஐந்தாறு நாட் பிரயாணத்திலிருந்து. கடைத்தெரு கணக்கிடுவதோ இரண்டு மாத விடுமுறை முழுவதையும். கிடங்கிலே இரவு வேலை முடித்து வந்தவன் அப்போது தன்னைப் படமெடுத்து அனுப்புவதில்லை. அனுப்பினால் தாயார் அழுவார். ஆகவே அவன் உழைக்கும் நாட்கள் ஊருக்குத் தெரிவதில்லை, உலாவும் நாட்களே தெரிகின்றன. ஒரு மனிதனின் ஆண்டு முழுவதையும் அவன் அனுப்பிய படங்களைக் கொண்டு கணிப்பது, வீட்டுச் சுவரிலுள்ள கலியாணப் படத்தைப் பார்த்துவிட்டு அவ்வீட்டார் தினந்தோறும் பட்டுடுத்துகிறார்கள் என்று முடிவு கட்டுவதற்கு ஒப்பாகும்.

என் பக்கத்து வழக்கறிஞர்கள் சிலரையும் நான் இங்கே விலக்கிவிட வேண்டும். பிரயாணம் உலக ஞானம் தரும், உத்தியோகத்துக்கு உதவும், ஆளுமையை வளர்க்கும் என்றெல்லாம் முழங்குகிறவர்கள் உண்டு. ஐந்து நாளில் நான்கு நகரம் பார்த்தவனுக்கு உலக ஞானம் வந்துவிடுமென்று நான் நம்பவில்லை. வந்ததாகச் சொல்லிக்கொள்பவர்களிடமிருந்து விலகியே இருக்கிறேன். எட்டயபுரத்திலிருந்து காசிக்குப் போன பாரதிக்கு அந்நகரம் தந்தவை அங்கே ஆண்டுக்கணக்காக வாழ்ந்ததனால் கிடைத்தவை. புகைப்படக் கலை பயில டோக்கியோவுக்கும் நியூயார்க்குக்கும் சென்ற ஏ. கே. செட்டியார், பிறகு தேசம் தேசமாக அலைந்து திரட்டிய படச்சுருள்களிலிருந்து 1940-இல் காந்தியடிகளைப் பற்றிய படத்தை வெளியிட்டார். அத்தகைய காரிய சித்தியும் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. நான் உரிமை கொண்டாடுவது இவற்றினும் சிறிய ஒன்றை.

நம் பிள்ளை வளரும் வகையை எண்ணிப் பாருங்கள். வீட்டு வாசலில் ஏற்றிக்கொள்ளும் பள்ளி வேன். மதிப்பெண்ணுக்காக வெளியூர் விடுதிப் பள்ளியிலே பூட்டிவைத்த இரண்டு ஆண்டுகள். பொறியியற் கல்லூரிப் பேருந்து. மாலை ஆறு மணிக்குக் கதவடைக்கும் விடுதி. அயல்நாட்டுப் படிப்புக்கு எந்த ஊர், எந்தப் பாடம் என்று தீர்மானித்து விண்ணப்பத்தையும் நிரப்பிக் கொடுத்த கன்சல்டன்சி. இருபத்திரண்டு வயது வரையில் அவனுக்காக யாராவது ஒருவர் தீர்மானித்துக்கொண்டே இருந்திருக்கிறார். கோவில்பட்டி நிலையத்தில் தானாக ஒரு சீட்டு வாங்கியிராதவனும் அவர்களுள் உண்டு. அத்தகையவன், முதன்முறையாக, நாலு பேர் பணத்தையும் கையில் வைத்துக்கொண்டு, பாஷை தெரியாத ஊரின் வண்டி அட்டவணையைப் படித்து, ஒரு வண்டியைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே யோசித்து, தவறவிட்டபின் தோழர் மூவருக்கும் பதில் சொல்லி, அந்த நஷ்டத்தை நாலாக வகுத்துக் கணக்கெழுதுகிறான். இதைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு அவன் பல்கலைக்கழகத்திலும் கிடையாது. பணம் நிறைய உள்ளவனுக்கோ இந்தப் பாடம் நடப்பதே இல்லை. வண்டி தவறினால் அவன் வேறு வண்டி அமர்த்திக்கொள்வான். கையிலுள்ள காசின் குறைவே இங்கே ஆசிரியன்.

கடம்பூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே குமாரபுரம் என்று ஒரு சிறு இரயில் நிலையம் இருக்கிறது. இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமி அதன் பெயரையே தலைப்பாக இட்டு எழுதிய கதையில், கோவில்பட்டிப் பள்ளியிலே சேர்வதற்காகக் கிராமத்துச் சிறுவர்கள் வண்டியேறி வருகிறார்கள். முன்பின் அறியாத பிரயாணிகள் நடுவே அந்தச் சிறிய தூரத்திலேயே அவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் நடந்து முடிந்துவிடுகிறது. நம் வட்டாரத்து இலக்கியக் கூட்டத்தில் அக்கதையை மெச்சாதவர் இல்லை. மெச்சியவர்களே வெளியே வந்து, அதே காரியம் பெர்லினுக்கும் வியன்னாவுக்கும் நடுவே நடப்பதை ஊர் சுற்றல் என்கிறார்கள்.

கூட்டாளிகள் கெடுத்துவிடுவார்கள் என்பது மற்றொரு பயம். கெடுக்கிற கூட்டாளி அறையில் இருந்தபடியே கெடுப்பான்; அதற்கு வியன்னா வரை போக வேண்டியதில்லை. மாறாக, குண்டூர்க்காரனும் கொல்லத்துக்காரனும் லாகோஸ் நகரத்து நைஜீரியனும் ஒரு சமையலறையில் யார் இன்று பாத்திரம் கழுவுவது என்று சண்டையிட்டு ஓய்ந்த பிறகு, நால்வருள் எவன் கடனைத் திருப்பித் தருகிறவன், எவன் நழுவுகிறவன் என்பது விளங்கிவிடும். நம்மூரில் கலியாணத்துக்குப் பையன் விசாரிக்கிறவர்கள் இதையறியப் படுகிற பாட்டை நினைத்தால், இது மலிவு.

தேர்வை விட்டுவிட்டுப் போனவனுக்காகவோ, பிரயாணத்துக்கென்றே தந்தையிடம் தனியாகப் பணம் கேட்டு வாங்கியவனுக்காகவோ நான் வாதாடவில்லை. அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் கடைத்தெரு தாராளமாகத் தண்டிக்கலாம்.

எஞ்சியிருப்பது ஒன்று, எல்லாரும் தாழ்ந்த குரலில் பேசுவது: பெண்பிள்ளை இப்படிப் போகலாமா என்பது. பதினெட்டு மணி நேரப் பிரயாணத்துக்கு இரண்டு பெட்டிகளோடு அவளைத் தனியே விமானம் ஏற்றி, நள்ளிரவில் தோஹாவிலோ துபாயிலோ அவளே வழிகேட்டு விமானம் மாறிப் போய், பாஷை தெரியாத ஊரிலே அவளே அறை தேடிக் குடியேறியதைப் பெருமையோடு உறவினர்க்கெல்லாம் சொல்லிய அதே வீடு, இரண்டாண்டு உடன்படித்த மூன்று தோழியரோடு அவள் பேருந்தில் ஆறு மணி நேரம் போய் வருவதை ஆபத்து என்கிறது. இந்த ஆட்சேபத்தைச் சொல்லுகிறவர், அதே விடுமுறையில் அதே பேருந்தில் போன அவள் தம்பியைப் பற்றிப் பேசும்போது பணத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறார்.